சில்லறையில் அரிய நாணயம் தேடும் கருவிகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் கைக்கு வரும் சில்லறையில் விலை போகும் நாணயம் இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் படத்தையும் ஆண்டையும் மட்டுமே பார்க்கிறார்கள். இந்தியச் சில்லறையில் சேகரிப்பாளர்கள் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்கும் வேறுபாடுகள் பலவும் வெறும் கண்ணுக்குச் சிக்காதவை. உலோகம் மாறியிருக்கும், எடை மாறியிருக்கும், ஆண்டுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குறி மாறியிருக்கும். அதனால் தேடலுக்குக் கருவி வேண்டும். நல்லவேளையாக அவை எல்லாமே மலிவானவை. மலிவானதிலும் எது தேறும், எது தேறாது என்பதுதான் இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தராசை முதலில் வாங்குங்கள். லென்ஸில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். காந்தம் எதுவானாலும் போதும். உறை வாங்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். படம் பிடித்தால் விலை சொல்லும் செயலிக்கு ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாம்.

தராசு

நகைக்கடைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் சின்ன மின்னணுத் தராசு, ஆன்லைனில் 500 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: எவ்வளவு எடை வரை தாங்கும், எவ்வளவு நுட்பமாகக் காட்டும். 200 கிராம் தாங்கி 0.01 கிராம் வரை காட்டுவதுதான் சரியானது. 500 கிராம் தாங்கும் மாடல்களில் பல 0.1 கிராம் வரைதான் காட்டும். அது சமையலுக்குச் சரி, நாணயத்துக்கு உதவாது. 0.001 வரை காட்டும் மாடல்களும் இருக்கின்றன. அவற்றின் தாங்குதிறன் பெரும்பாலும் மிகக் குறைவு, மூச்சுக் காற்றுக்குக்கூட எண் ஆடும். புழங்கித் தேய்ந்த நாணயத்துக்கு அவ்வளவு நுட்பமும் வேண்டியதில்லை.

வந்தவுடன் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் மோட் பொத்தானையோ கேலிபரேஷன் பொத்தானையோ சில விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் 100 அல்லது 200 என்று வரும். அந்த எடைக்கல்லை வைத்தால் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். எடைக்கல் பெட்டியோடு வராத மாடலாக இருந்தால் 100 கிராம் கல்லைத் தனியாக வாங்கிவிடுங்கள். நாணயங்களை அடுக்கி வைத்துத் தராசைத் திருத்தக் கூடாது. சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க மட்டும் நாணயம் உதவும். புழங்காத புது 10 ரூபாய் நாணயங்களை, 2019க்குப் பிந்திய ஆண்டு போட்டவையாகப் பார்த்து, பத்து எடுத்து ஒன்றாக வைத்தால் 77.4 கிராமை ஒட்டி வர வேண்டும். ஒன்றின் எடை 7.74 கிராம். பன்னிரண்டு பக்கம் கொண்ட 20 ரூபாய் என்றால் ஒன்று 8.54 கிராம்.

தராசு தப்பாகக் காட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இடம்தான். மேலே மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும். மேசை சாய்ந்திருந்தால் எடை குறைத்துக் காட்டும். தட்டின் ஓரத்தில் வைத்ததற்கும் நடுவில் வைத்ததற்கும் வித்தியாசம் வரும், எப்போதும் நடுவில் வையுங்கள். செல்போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சில மாடல்களில் அலை வாங்கி எண் குதிக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் கால் மணி நேரம் சும்மா விட்டுவிட்டு பிறகு பயன்படுத்துங்கள். பேட்டரி இறங்கும்போது எச்சரிக்கை காட்டுவதற்கு முன்பே எடை நகர ஆரம்பித்துவிடும். ஒரு புது நாணயத்தை அளவுகோலாக ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதலில் அதை நிறுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் மற்றதைத் தொடரலாம். எல்லாவற்றுக்கும் மேல், தராசின் மேல் எதையும் அடுக்கி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை ஒருமுறை வளைந்தால் பிறகு எத்தனை முறை திருத்தினாலும் நிற்காது.

இனி, எதை எதிர்பார்த்து நிறுக்க வேண்டும் என்பது. இதை ஒரு தாளில் எழுதித் தராசின் மூடிக்குள் ஒட்டிவிடலாம். 1 ரூபாயில், 1980களிலிருந்து 1991 வரை வந்த வெண்ணிற நாணயம் தாமிர நிக்கல் கலவை, 26 மில்லிமீட்டர், 6 கிராம். 1992இல் துருப்பிடிக்காத எஃகு வந்தது, 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். கை முத்திரைப் படம் போட்ட 1 ரூபாயும் அதே அளவுதான். 2011இல் ரூபாய்க் குறியோடு வந்தது சிறியதாகி 22 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 3.79 கிராம். 2019 வரிசையில் இன்னும் இளைத்து 20 மில்லிமீட்டர், 3.09 கிராம். 2 ரூபாயில், இந்திய வரைபடம் போட்ட பதினோரு பக்க நாணயம் 26 மில்லிமீட்டர், 6 கிராம். 2011 வரிசை 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2019 வரிசை 23 மில்லிமீட்டர், 4.07 கிராம். 5 ரூபாயில் பழைய தடித்த வெண்ணிற நாணயம் 23 மில்லிமீட்டர், 9 கிராம். 2009 முதல் வந்த மஞ்சள் நிக்கல் பித்தளை அதே 23 மில்லிமீட்டரில் 6 கிராம். 2019 வரிசை 25 மில்லிமீட்டர், 6.74 கிராம். 10 ரூபாயில் 2019க்கு முந்தையவை 7.71 கிராம்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். எஃகு 1 ரூபாயும் 2011 வரிசை 2 ரூபாயும் எடையிலும் அகலத்திலும் ஒன்றே. கடைகளில் இன்றும் ஒன்றுக்கு மற்றொன்று மாறிப்போவதற்குக் காரணம் இதுதான். அதேபோல் 2011 வரிசை 1 ரூபாய், 1988 முதல் வந்த எஃகு 50 பைசாவின் அளவையே எடுத்துக்கொண்டது. ஆகவே இந்த இரண்டு ஜோடிகளுக்குள் வெற்றுத் தகடு, அதாவது படம் அச்சாவதற்கு முந்தைய உலோக வட்டு, மாறி அச்சாகியிருந்தால் தராசால் கண்டுபிடிக்கவே முடியாது. மற்ற பெரும்பாலான ஜோடிகளில் முடியும். 2011 வரிசை 2 ரூபாய் அச்சு 1 ரூபாய்த் தகட்டில் விழுந்திருந்தால் எடை 4.85க்குப் பதில் 3.79 காட்டும். தகடு சிறியது என்பதால் ஓரத்து எழுத்துகளும் வெட்டுப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது தகடு மாறிய பிழை நாணயம். எடை குறைந்து, எழுத்துகள் முழுசாக இருந்து, முகம் மட்டும் மழுங்கியிருந்தால் அது வெறும் தேய்மானம்.

0.1 கிராம் கூடக் குறைய இருப்பது எஃகு நாணயங்களில் சகஜம். தகட்டின் கனமே ஒன்றுபோல் வருவதில்லை. அதற்கெல்லாம் எழுந்து குதிக்க வேண்டாம். வேகமாகச் சலிக்க ஒரு வழி உண்டு. ஒரே வரிசை நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி நிறுத்துப் பாருங்கள். 2011 வரிசை 1 ரூபாய் பத்து 37.9 கிராமை ஒட்டி வர வேண்டும். அரை கிராமுக்கு மேல் விலகினால் அந்த அடுக்கை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுக்கலாம். ஒவ்வொன்றாகத் தட்டில் சேர்க்கும்போது தராசு சின்ன மாற்றத்தைத் தானாகச் சுழியாக்கிவிடக்கூடும் என்பதால், பத்தையும் ஒரே தடவையில் வையுங்கள்.

தராசு இன்னொரு வேலையும் செய்யும்: போலியைக் காட்டிக்கொடுக்கும். 9 கிராம் இருக்க வேண்டிய பழைய 5 ரூபாய் 8 கிராம் காட்டினால், முதலில் விளிம்பைப் பாருங்கள். அசலில் விளிம்பின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளமும் அதற்குள் வேலைப்பாடும் தெளிவாக ஓடும். போலியில் அந்த இடம்தான் சொதப்பியிருக்கும்.

காந்தம்

பொத்தான் அளவு நியோடிமியம் காந்தம் ஒன்று போதும். பழைய ஸ்பீக்கரில் கழற்றியதுகூட வேலை செய்யும். இந்திய எஃகு நாணயங்களில் பயன்படுவது இரும்பும் குரோமியமும் சேர்ந்த, காந்தத்தில் ஒட்டும் வகை எஃகு. தாமிர நிக்கலும் நிக்கல் பித்தளையும் ஒட்டாது. 1950களிலும் 60களிலும் வந்த சுத்த நிக்கல் ரூபாய்கள் ஒட்டும். அவை இப்போது சில்லறையில் வருவதில்லை என்றாலும், பாட்டி வீட்டு டப்பாவில் கிடைக்கும்.

காந்தத்தால் பெரிய பயன் ஒரே இடத்தில்தான், ஆனால் அந்த இடம் முக்கியமானது. 2006, 2007ஐ ஒட்டி வந்த 5 ரூபாய் நினைவு நாணயங்களில் சில, தாமிர நிக்கலிலும் எஃகிலும் இரண்டு விதமாக அச்சாயின. நாராயண குரு, பசவேஸ்வரர் நாணயங்கள் அப்படிப்பட்டவை. படம் ஒன்று, ஆண்டு ஒன்று, உலோகம் மட்டும் வேறு. சேகரிப்பாளர் இரண்டையும் தனித்தனி வகையாகவே கணக்கில் கொள்கிறார். கையில் வைத்து உணர்வதைவிடக் காந்தம் ஒரு நொடியில் பிரித்துத் தந்துவிடும். பிறகு தராசில் போட்டு, ஒட்டாதது 9 கிராம், ஒட்டுவது 6 கிராமை ஒட்டி வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

காந்தத்தை ஒரு மெல்லிய துணியிலோ தாளிலோ சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் காந்தம் டக்கென்று பாய்ந்து ஒட்டும்போது நாணயத்தில் கீறல் விழும். தராசுக்கு ஒரு முழத் தூரத்துக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

லென்ஸ்

ஏமாற்று அதிகம் நடக்கும் பொருள் இதுதான். 30 மடங்கு, 40 மடங்கு, 60 மடங்கு என்று அச்சிட்டு நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கிற மடக்கு லென்ஸ்கள் உண்மையில் அதில் பாதிகூடப் பெரிதாக்குவதில்லை. சுலபமாகச் சோதிக்கலாம். உண்மையான 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்க்கும்போது நாணயம் லென்ஸுக்கு 25 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். 30 மடங்கு என்று எழுதியிருக்கும் லென்ஸ் இரண்டு, மூன்று விரல் கனத் தூரத்தில் தெளிவாகக் காட்டுகிறது என்றால் அது 30 மடங்காக இருக்கவே முடியாது. உண்மையான 30 மடங்கு கிடைத்தாலும் வேண்டாம். பார்வைப் பரப்பு அரிசி அளவுக்குச் சுருங்கிவிடும், வெளிச்சமும் போதாது.

வாங்க வேண்டியது 10 மடங்கு, மூன்று கண்ணாடிகள் சேர்த்து ஒட்டிய வகை. டிரிப்லெட் என்று கேட்டால் தருவார்கள். வைரம் பார்க்கிறவர்கள் பயன்படுத்துவது அதுதான். ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருக்கும், ஓரத்தில் கோடுகள் வளையும், வண்ண நிழல் விழும். நாணயத்தில் எழுத்து இரட்டித்திருக்கிறதா என்று பார்க்கும்போது அந்த வண்ண நிழலே இரட்டிப்பு மாதிரி ஏமாற்றிவிடும். கூட நூறு இருநூறு போனாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். எல்இடி விளக்கோடு வரும் மாடல்களுக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை. நேராக விழும் வெளிச்சம் எஃகு நாணயத்தில் பளீரென்று தெறித்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, சாய்வாக வெளிச்சம் விழும்படி நாணயத்தை மெல்லச் சுற்றினால் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

பிடிக்கும் முறையும் பலருக்குத் தெரிவதில்லை. லென்ஸை நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்து எட்டத்திலிருந்து பார்க்கக் கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, அந்தக் கையைக் கன்னத்தில் ஊன்றி, நாணயத்தை மறு கையில் விளிம்பால் பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடுக்கம் இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது, நாணயம் எந்த ஆலையில் அடித்தது என்று காட்டும் ஆலைக் குறி. ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஐதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. படிக்க எளிது, பார்க்கச் சிரமம். தேய்ந்த நட்சத்திரம் வைரம் போலவும், தேய்ந்த வைரம் புள்ளி போலவும் தெரியும். அழுக்கு மூடிய குறியைக் குறியே இல்லை என்று நினைத்துக் கொல்கத்தாவில் சேர்த்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சாய்வு வெளிச்சத்தில் நட்சத்திரத்தின் உள்மடிப்புகள் தெரியும், வைரத்துக்கு நேர்கோடுகள்தான் இருக்கும். ஒரே ஆண்டில் ஒரே மதிப்பில் நான்கு ஆலைகளும் ஒரே எண்ணிக்கையில் அச்சிடுவதில்லை. எளிதில் கிடைக்காத ஆண்டும் ஆலையும் சேர்ந்து வருவதைத்தான் வரிசை முடிப்பவர்கள் தேடுகிறார்கள், அதனால் இந்தக் குறியைத் தப்பாகப் படித்தால் மொத்த வேலையும் வீண்.

வெளிநாட்டில் அடித்து வந்தவையும் உண்டு. நாணயத் தட்டுப்பாட்டின்போது 1985 ஒரு ரூபாய் பிரிட்டனில் அச்சிட்டு இறக்குமதியானது. பர்மிங்ஹாம் ஹீட்டன் ஆலையில் அடித்ததில் எச் எழுத்து இருக்கும். வேல்ஸில் உள்ள லாந்திரிசெண்ட் ஆலையில் அடித்ததில் ஆண்டின் முதல் இலக்கமான 1க்குக் கீழே வைரம் இருக்கும். மும்பை வைரம் ஆண்டின் நடுவில் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த எச் எழுத்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. தட்டுப்பாட்டைப் போக்க மொத்தமாக இறக்கிய நாணயம் அது. நல்ல நிலையில் இருந்தால் எடுத்து வைக்கலாம், லட்சத்தை மறந்துவிடுங்கள். 1990களின் கடைசியிலும் மெக்சிகோ, மாஸ்கோ போன்ற ஆலைகளில் அச்சிட்டு வந்தவை உண்டு. மெக்சிகோவுக்கு எம் எழுத்தும் அதன் தலையில் ஒரு சின்ன வட்டமும் குறி.

அடுத்தது பிழை நாணயங்கள். இதில்தான் லென்ஸ் தன் விலையைத் திருப்பித் தரும், ஏமாற்றமும் இதில்தான் அதிகம். நாணயத்தைப் புத்தகத்தின் பக்கம் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்பினால் இந்திய நாணயத்தின் மறுபக்கமும் நேராகவே நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருப்பதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். கால் வட்டம், அரை வட்டம் சுழன்றிருந்தால் எடுத்து வையுங்கள். எழுத்து இரட்டித்திருந்தால் கவனமாகப் பாருங்கள். இரண்டாவது எழுத்து தட்டையாக, படிக்கட்டுபோல் ஒட்டிக்கொண்டு, முதல் எழுத்தின் கனத்தைக் குறைத்திருந்தால் அச்சு இயந்திரத்தின் அதிர்வு. அதற்கு மதிப்பில்லை. இரண்டும் சம உயரத்தில், உருண்டு திரண்டு, ஓரத்தில் பிளவு தெரிந்தால் அச்சே இரட்டிப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குத்தான் மதிப்பு.

ஓரம் கடிபட்டது மாதிரி வட்டமாக வெட்டுப்பட்ட நாணயம் கிடைத்தால், வெட்டை விட்டுவிட்டு அதற்கு நேர் எதிர் விளிம்பை முதலில் பாருங்கள். உண்மையான வெட்டுப்பிழையில் எதிர் விளிம்பும் மழுங்கித்தான் இருக்கும். தகட்டுக்கு விளிம்பு எழுப்பும்போது வெட்டு இருக்கும் இடத்தில் அழுத்தம் இல்லாததால் எதிர்ப்பக்கமும் சரியாக எழுவதில்லை. பட்டறையில் அரம் போட்டு வெட்டியவனால் இதைச் செய்ய முடியாது. எதிர் விளிம்பு கூர்மையாக, முழுசாக நின்றுகொண்டிருந்தால் நாணயத்தைச் செலவழித்துவிடலாம். ஒரு பக்கத்தில் மறுபக்கத்துப் படமே கண்ணாடியில் தெரிவதுபோல் உள்வாங்கிப் பதிந்திருக்கும் பிராக்கேஜ் பிழைக்கும் இதே மாதிரி சோதனை உண்டு. இரண்டு நாணயங்களை வைஸில் (பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து நெருக்கினால் அப்படி ஒரு பதிவு வரும். ஆனால் அந்தப் பக்கத்து அசல் எழுத்துகள் நசுங்கி அடியில் தெரியும், மறுபக்கமும் தட்டையாகிப் போயிருக்கும். அசல் பிழையில் மறுபக்கம் சுத்தமாக இருக்கும்.

10 ரூபாயில் நடுவட்டம் இல்லாத வளையம் விற்பனைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய வரிசையில் வளையம் மட்டும் 4.45 கிராம், நடுவட்டம் 3.26 கிராம். வளையத்தின் எடை பொருந்துவது எதையும் நிரூபிக்காது, சுத்தியலால் தட்டி எடுத்த வளையத்துக்கும் அதே எடைதான். வளையத்தின் உள்விளிம்பை லென்ஸில் பாருங்கள். நடுவட்டம் இல்லாமலே அச்சடித்திருந்தால் அடியின் வேகத்தில் உலோகம் உள்பக்கம் வழிந்து, உள்விளிம்பு ஒழுங்கற்று, பக்கத்து எழுத்துகளும் இழுபட்டிருக்கும். அச்சடித்த பிறகு தட்டி எடுத்ததில் உள்விளிம்பு நறுக்கென்று, வட்டம் மாறாமல் இருக்கும். சந்தையில் சுற்றுவதில் இந்த இரண்டாவது ரகம் தாராளம்.

10 ரூபாயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த நாணயத்தைக் கடைக்காரர்கள் வாங்க மறுத்த காலம் உண்டு. 10 என்ற எண்ணுக்கு மேலே விரியும் கோடுகளில் பதினைந்து கதிர் இருந்தால் போலி, பத்துக் கதிர் இருந்தால் அசல் என்ற வதந்தியும் அதோடு சேர்ந்து பரவியது. ரூபாய்க் குறி வருவதற்கு முன் வந்ததில் பதினைந்து கதிர், 2011க்குப் பின் வந்ததில் பத்துக் கதிர். அவ்வளவுதான். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. கதிர் எண்ணுவதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

உறை

வாங்குகிறவர்கள் யோசிக்காமல் வாங்கும் பொருள் இது. கெடுதல் அதிகம் செய்வதும் இதுதான். பளபளவென்று வளைந்து கொடுக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் பை, அதே பிளாஸ்டிக்கில் பக்கம் பக்கமாக வரும் ஆல்பம், இரண்டும் பெரும்பாலும் பிவிசி. பிவிசியை மெதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் கசியும், கூடவே அமிலமும் பிரியும். தாமிரம் கலந்த நாணயத்தின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் படரும். பிறகு உலோகத்தையே அரிக்கும். சென்னை மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பெட்டியைத் திறந்தவுடன் புது ரெக்சின் வாசனை வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. தாமிரக் கம்பியைக் குறடால் பிடித்து அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சி, அதை உறையின் ஒரு துண்டில் தொட்டு, உருகி ஒட்டியதோடு மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சை நிறத்தில் எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. புகையை முகராதீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

வாங்க வேண்டியது இரண்டு அங்குலச் சதுர அட்டை உறை. நடுவில் மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் இருக்கும், மடித்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். ஜன்னல் வட்டம் நாணயத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். 25 மில்லிமீட்டர் நாணயத்துக்கு 27.5 ஜன்னல், 27 மில்லிமீட்டர் 10 ரூபாய்க்கு 30 ஜன்னல். ஸ்டேப்ளர் பின்னின் முனைகளைக் குறடால் நன்றாக நசுக்கித் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த உறையின் மைலாரைக் கிழித்து நாணயத்திலேயே கோடு போட்டுவிடும். இதைச் சோம்பல்பட்டு விட்டதால் கீறல் விழுந்த நாணயங்கள் எந்த நாணயச் சந்தைக்குப் போனாலும் கிடைக்கும். உறைகளை ஒரு டப்பாவில் போட்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு மூடுங்கள்.

உறையில் போடுவதற்கு முன் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்கிறார்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் தூள், பற்பசை எதுவுமே கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்தை லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடும், வாங்குகிறவர் அந்த நொடியே கீழே வைத்துவிடுவார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடிகட்டிய நீரில் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். டேப் பசை, எண்ணெய் இருந்தால் சுத்தமான அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் போட்டு எடுக்கலாம். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வேறு சேர்மானங்கள் இருக்கும், அது வேண்டாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

செயலிகள்

படம் எடுத்தால் நாணயத்தை அடையாளம் சொல்லி விலையும் சொல்வதாகச் சந்தா கேட்கும் செயலிகளை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டோம். படத்தில் எடை தெரியாது, காந்தத்தில் ஒட்டுமா என்பது தெரியாது, சாதாரண போன் படத்தில் ஆலைக் குறியும் சரியாக விழாது. மேலே சொன்ன நாராயண குரு நாணயத்தின் இரண்டு உலோகங்களையும் படத்தை வைத்து மட்டும் எந்தச் செயலியும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. அவை காட்டும் விலையும் பெரும்பாலும் யாரோ விற்பனைத் தளத்தில் கேட்டுவைத்திருக்கும் விலை. 2 ரூபாயை 5 லட்சத்துக்குப் பட்டியலிட யாருக்கும் தடையில்லை. அந்த விலைக்கு விற்றதா என்பதுதான் கேள்வி, ஏலம் முடிந்து கை மாறிய விலைகளைத் தேடிப் பாருங்கள்.

இதைவிட மோசம், உங்கள் நாணயத்தை வாங்கிக்கொள்கிறோம், முன்னதாகப் பதிவுக் கட்டணமும் வரியும் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகப் பணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ரிசர்வ் வங்கி அப்படி வாங்குவதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை.

தேடுவதற்குச் சில்லறை

கருவி தயார் என்றால் நாணயம் வேண்டும். வங்கிக் கிளையில் கேட்டால் 100 நாணயங்கள் கொண்ட பாலிதீன் பொட்டலங்களாகத் தருவார்கள். ஆனால் ஆலையிலிருந்து நேராக வரும் புது மூட்டையில் ஒரே ஆண்டு, ஒரே ஆலைதான் கிடைக்கும். பிழை நாணயம் தேட அது நல்லது, பழைய வகைகளுக்கு உதவாது. பழைய வகைகளுக்குக் கோயில் உண்டியல் சில்லறை, டீக்கடை, பஸ் கண்டக்டரிடம் சேரும் சில்லறை ஆகியவைதான் நல்ல ஊற்று. பெட்டிக்கடைக்காரரிடம் நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு தருவார். பார்த்து முடித்ததைத் திருப்பிச் செலவழிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: 2011 நாணயச் சட்டப்படி, 1 ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் 1000 ரூபாய் வரைதான் செல்லுபடி. 50 பைசா என்றால் 10 ரூபாய் வரை.

தமிழ்நாட்டுச் சில்லறையில் கண்ணில் பட்டால் விட்டுவிடக் கூடாத சில: 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் நாணயங்கள், காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய், தமிழில் கையெழுத்தோடு வந்த 2009 அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், பிரகதீஸ்வரர் ஆலயத்தின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாய். தேய்ந்த நிலையில் இவை சில பத்து ரூபாய்க்கு மேல் போகாது. தேயாத நாணயம் கிடைத்தால் மட்டும் அடுத்த கட்ட விலை. ஆனாலும் இவற்றைச் செலவழிக்க மனம் வராது, வரவும் வேண்டாம்.

விற்கப் போகும்போது அட்டை உறையின் மேலேயே ஆண்டு, ஆலை, எடை, காந்தத்தில் ஒட்டியதா இல்லையா என்ற நான்கையும் பென்சிலில் எழுதிக் கொண்டுபோங்கள். உறையில் போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், போட்ட பிறகு அழுத்தி எழுதினால் தடம் நாணயத்தில் விழும். எடை எழுதிய உறையைப் பார்த்தவுடன் வியாபாரியும் தன் தராசை எடுப்பார். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் விலை பேசலாம்.